படிவத்தில் ஒரு காலி இடம்

திருநெல்வேலி,
4 நவம்பர் 2024, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

முத்துராணி எழுதுகிறேன். இரண்டு நாளில் பதினேழு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. நேற்று அத்தான் போனுக்குக் கூப்பிட்டேன். அவர் "ஒரு நிமிசம் இரும்மா" என்று உன்னிடம் கொண்டுவந்தார், உடனே தொடர்பு போய்விட்டது. துண்டித்தது நீதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் தபாலில் வந்ததைப் படிக்காமல் போட உனக்கு மனசு வராது. மளிகைப் பொட்டலம் கட்டிவந்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தானே கசக்குவாய். அதை நம்பித்தான் பேனாவை எடுத்தேன்.

சனிக்கிழமை நீ வார்டில் வைத்துப் போட்ட சத்தத்துக்குப் பிறகு, எதிர்க்கட்டில் அம்மா என்னிடம் பேசுவதில்லை. ஆரஞ்சுப் பழம் உரித்தால் இந்தப் பக்கம் ஒரு சுளை நீட்டுகிறவர்தான். இப்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். கூடப்பிறந்தவள் கொடுத்த கிட்னியை மாத்திரை சாப்பிடாமல் கெடுத்தவள் என்று அவர் முடிவு செய்துவிட்டார். கிட்னி கொடுத்த நீயே சொன்னால் அவர் எப்படி நம்பாமல் இருப்பார்?

"என் வயித்தைக் கீறிக் குடுத்தது இதுக்குத்தானாட்டி? மாத்திரையைத் திங்காம டப்பாவுல சேத்து வச்சிருக்க." இதுதான் அன்றைக்கு நீ கத்தியது.

அந்த பிஸ்கட் டப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். மே மாதம் உன் இடது கிட்னியை எனக்கு வைத்தபோது காலையில் மூன்று, மாலையில் மூன்று என்று அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். ஆவணி மாதம் ரத்தத்தில் மருந்து கூடுதலாக இருக்கிறது என்று இரண்டு இரண்டாகக் குறைத்தார்கள். மிஞ்சிய அட்டைகளைத் தூர எறிய எனக்குக் கை வரவில்லை. மறுபடி கூட்டினால் உதவும் என்று டப்பாவில் போட்டு வைத்தேன். அவ்வளவுதான் விஷயம். சனிக்கிழமை துண்டு எடுக்க என் பைக்குள் கையை விட்ட நீ டப்பாவைத் திறந்தாய். அதற்குச் சற்று முன்னால்தான் அந்தச் சின்ன டாக்டர், மாத்திரையை விட்டால்தான் பெரும்பாலும் இப்படிக் கிட்னியை உடம்பு தள்ளும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இரண்டையும் சேர்த்து நீ முடிச்சுப் போட்டுவிட்டாய்.

கிட்னி கெடக் கெட ஏறுகிற அந்தக் கிரியேட்டினின் 1.1-லிருந்து இன்று 3.4. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. நாளை மறுநாள் ஊசி விட்டுக் கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்க்கப்போகிறார்கள். நான் ஒரு வேளை மாத்திரைகூட விடவில்லை அக்கா. இதை நீ நம்பினால் போதும், மற்றதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உன் தங்கை
முத்துராணி

---

களக்காடு,
8 நவம்பர் 2024

ராணிக்கு,

கடிதம் வந்தது. படித்தேன்.

நீ சொல்கிற கதையை நான் நம்ப வேண்டும் என்றால் மாத்திரை குறைத்த அன்றே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆறு மாதத்தில் ஒரு வார்த்தை சொன்னாயா? நல்லாயிருக்கேன், நல்லாயிருக்கேன் என்று போனில் ஒரே பாட்டு. நல்லாயிருந்த லட்சணம்தான் இப்போது தெரிகிறதே.

பள்ளிக்கூடத்தில் நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு சோற்றுப் பானையை என்னால் இறக்க முடியவில்லை. உதவிக்கு இருக்கிறவள்தான் இறக்குகிறாள், இறக்கிவிட்டு ஒரு பார்வையும் பார்க்கிறாள். குனிந்து முட்டை எண்ணும்போது இடதுபக்கம் சுருக்கென்று இழுக்கும். அப்போதெல்லாம், பரவாயில்லை, அது அங்கே ராணிக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். சனிக்கிழமையிலிருந்து அப்படி நினைக்க முடியவில்லை. வலி மட்டும் இருக்கிறது.

உனக்குப் பிள்ளையா குட்டியா? அச்சாபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை அடிக்கிறாய், சாயங்காலம் அறைக்குப் போகிறாய். உன் ஒரு உடம்பைப் பார்த்துக்கொள்வதைத் தவிர உனக்கு வேறென்ன வேலை? அதைக்கூடச் செய்ய முடியவில்லையா?

அத்தான் ஏத்தன் பழம் கொடுத்துவிட வேண்டும் என்றார். உனக்கு வாழைப்பழம் ஆகாது என்று நான்தான் தடுத்தேன்.

வடிவம்மாள்

---

திருநெல்வேலி,
11 நவம்பர் 2024, திங்கள்

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிள்ளையா குட்டியா என்ற இடத்தில் மட்டும் கண்ணைத் தாண்டவிட்டுப் படித்தேன். பதிலுக்குக் கோபமாக ஒன்று எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துவிட்டேன், ஏனென்றால் இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், கோபத்தோடு கேட்க முடியாது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். சதைப் பரிசோதனையில், உடம்பு கிட்னியைத் தள்ளுகிறது, ரிஜெக்‌ஷன் என்று வந்தது. கிட்னியின் சின்ன ரத்தக்குழாய்களெல்லாம் வீங்கிக் கிடக்கின்றனவாம். மூன்று நாள் பெரிய ஊசி போட்டார்கள், குணமில்லை. மாத்திரை அளவை இதுவரை எடுத்த எல்லா ரத்தத்திலும் பார்த்துவிட்டார்கள், சரியாகவே இருந்திருக்கிறது. பெரிய டாக்டர் சிவகணேஷ் அந்தச் சின்ன டாக்டரை என் முன்னாலேயே கூப்பிட்டு, "இவங்க மாத்திரையை விடல. இனி யாரும் அப்படிச் சொல்லக்கூடாது" என்றார். எதிர்க்கட்டில் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஒரு சுளை வந்தது. நீயும் இருந்து கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அடுத்து, உன் கிட்னிக்கு எதிராக என் ரத்தத்தில் ஏதாவது உருவாகியிருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்றுமே இல்லை. நமக்குள் பொருத்தம் முழுசாக இருக்கிறதாம். "எதிரியே இல்லாம சண்டை நடக்குது" என்று டாக்டர் கோப்பை மூடினார். அவருக்கே பிடிபடவில்லை.

சனிக்கிழமை காலையில் எனக்குத் தலை வெடிப்பதுபோல வலித்தது. கண் முன்னால் மின்மினி மாதிரிப் பொட்டுப்பொட்டாக வெளிச்சம். பிபி 220 என்று நர்ஸ் விஜயஸ்ரீ கத்தியது காதில் விழுந்தது, பிறகு எதுவும் தெரியவில்லை. ஃபிட்ஸ் வந்திருக்கிறது. விழித்தபோது நாக்கைக் கடித்திருந்தேன்.

நேற்று டாக்டர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இதற்கு முன்னால் எப்போதாவது இப்படிப் பிபி ஏறி ஃபிட்ஸ் வந்திருக்கிறதா, எப்போதாவது கர்ப்பமாக இருந்திருக்கிறேனா, கலைந்திருந்தாலும் சரி, என்று பைய, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தலைவலி எனக்குப் புதிதில்லை அக்கா. அந்த வெளிச்சமும் புதிதில்லை. கல்யாணமாகித் தளவாய் வீட்டில் இருந்தபோது, வயிற்றில் ஏழரை மாதத்தில், கால் இரண்டும் உரல்மாதிரி வீங்கி, அதே தலைவலி, அதே பொட்டுகள். மூன்று நாள் கழித்து விழித்தபோது வயிறு தட்டையாக இருந்தது. கேட்டதற்கு அம்மா, "கேக்காத, மறந்துரு" என்றாள். ஆஸ்பத்திரிச் சீட்டை அடுப்பில் போட்டதையும் பார்த்தேன். பதின்மூன்று வருஷமாக நாம் மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இப்போது அம்மாவும் இல்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் படிவம் நிரப்பினார்களே, எத்தனை பிரசவம் என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ "அவளுக்குப் புள்ளை கிடையாது" என்று முடித்துவிட்டாய். நானும் தலையாட்டினேன். இன்று நான் மாற்றிச் சொன்னால், கிட்னி கொடுக்க வந்தவள் பொய் சொன்னாள் என்று உன்னைக் கேட்பார்களோ? கிட்னி கொடுக்க அனுமதி தந்து கையெழுத்துப் போட்ட கமிட்டி அதிகாரி கூப்பிடுவாரோ? எனக்குச் சட்டம் தெரியாது. நீ சொல்லாமல் நான் சொல்லமாட்டேன்.

சீக்கிரம் எழுது. கிரியேட்டினின் இன்றைக்கு 4.6.

ராணி

---

களக்காடு,
13 நவம்பர் 2024

ஏட்டி ராணி,

அத்தான் முதல் பஸ்ஸில் இதைக் கொண்டுவருகிறார். படித்து முடிக்கும் முன்னால் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லு. சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

உன் கடிதம் மதியம் வந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன், டாக்டர் போய்விட்டார் என்றார்கள். உனக்குப் போன் போட்டு மூன்று தடவை மணி அடித்ததும் நானே வைத்துவிட்டேன். என்ன சொல்வேன்? ஜெயிலில் போட்டாலும் போடட்டும். எனக்காக வாயை மூடிக்கொண்டு கிட்னியைச் சாகவிடப் பார்த்தாயே, உன்னை என்ன செய்ய? இரண்டு நாளை வீணாக்கிவிட்டாய். அந்த இரண்டு நாளும் என் கணக்கில்தான் சேரும் என்று தெரியும்.

அன்றைக்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அந்தப் பெண் கேட்டதும் உன் முகத்தைப் பார்த்தேன். டயாலிசிஸில் கறுத்துப்போன முகம். அதில் இன்னும் ஒன்றை ஏற்ற வேண்டாம் என்று முந்திக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. முழு உண்மை என்னவென்றால் அது எனக்குப் பழகிவிட்டது. கோயிலில் கேட்டாலும், ரேஷன் கடையில் கேட்டாலும், கல்யாண வீட்டில் கேட்டாலும், உன் தங்கச்சிக்கு எத்தனை பிள்ளை என்றால், கிடையாது என்றுதான் பதின்மூன்று வருஷமாகச் சொல்லி வருகிறேன். நம் பக்கம் செத்துப் பிறந்ததை யார் பிள்ளை என்று சொல்கிறார்கள்? பிறகு பார்த்தால் ஆஸ்பத்திரியிலும் அதே வாய்தான் பேசியிருக்கிறது.

போன கடிதத்தில் பிள்ளையா குட்டியா என்று எழுதினேன். எழுதும்போதே தெரிந்துதான் எழுதினேன். உனக்கு வலிக்க வேண்டும் என்று இருந்தது. எனக்கு நல்ல சாவு வராது.

மாத்திரை விஷயத்தில் நான் சொன்னது தப்பு. வார்டில் எல்லோர் முன்னாலும் சொன்னதை வீட்டிலிருந்து தாளில் திருப்பி வாங்க முடியாது. ஆனால் அங்கே வந்து நிற்கவும் கால் வரமாட்டேன் என்கிறது.

அத்தான் சாயங்காலம்வரை இருப்பார். டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்லி அனுப்பு.

அக்கா

---

திருநெல்வேலி,
24 நவம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் பாதி சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்கிறேன். கையில் ஊசி ஏறியிருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும்.

உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்ததுமே விஜயஸ்ரீயைக் கூப்பிட்டேன். டாக்டர் வந்தார். சொன்னேன். அவர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏழரை மாசம், பிபி, ஃபிட்ஸ்" என்று எழுதிக்கொண்டு, பேனாவைச் சட்டைப்பையில் செருக மறந்து ஓடினார். அன்றைக்கே ரத்தம் எடுத்து ஐஸில் வைத்து வெளியூர் லேப் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அதன் முடிவுக்குக் காத்திராமல் மறுநாளே வைத்தியத்தைத் தொடங்கிவிட்டார். எட்டாம் நாள் முடிவு வந்தது. அவர் நினைத்ததேதான்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பிபியை ஏற்றி இறக்க, ரத்தக்குழாய்ச் சுவரில் எல்லோருக்கும் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறதாம். என் ரத்தத்தில் ஒரு பொருள் அந்தத் தாழ்ப்பாளையே பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறது. கர்ப்பத்தில் பிபி ஏறிய சில பெண்களுக்கு அது வருவதுண்டாம். எனக்கு அப்போது வந்தது அப்படியே தங்கியிருக்கலாம் என்கிறார், உறுதியாகச் சொல்ல முடியாதாம். வழக்கமான பொருத்தப் பரிசோதனையில் அது தெரியாது. நான் திருப்பித் திருப்பி ஒன்றையே கேட்டேன், அக்காவின் கிட்னி எனக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று. அவர் சொன்னார்:

"உங்க அக்கா கிட்னிங்கிறதுக்காக உடம்பு இதைத் தள்ளலம்மா. யாரோடதை வச்சிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். அவங்க குடுத்ததுல ஒரு குறையும் கிடையாது."

இதை உனக்கு அப்படியே எழுத வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டேன்.

முன்னாலேயே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றும் கேட்டேன். ஆபரேஷன் எப்படியும் நடந்திருக்கும், ஆனால் இதை முதல் நாளே தேடியிருப்போம், இத்தனை நாள் இருட்டில் துழாவியிருக்க மாட்டோம் என்றார். ஆறுதலுக்காக அவர் பொய் சொல்லவில்லை, நானும் அதை உன்னிடம் மறைக்கவில்லை.

கழுத்தில் குழாய் போட்டு, ரத்தத்தை வெளியே எடுத்து, அதன் நீரை மட்டும் வடித்துவிட்டு, திரும்ப உள்ளே விடுகிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து முறை. மெஷினில் இருக்கும்போது குளிரில் பல் கிட்டிவிடும். பக்கத்து மெஷின்காரருக்கு மனைவி காலைத் தேய்த்துவிடுவாள். நான் என் கால்களை ஒன்றோடொன்று உரசிக்கொள்வேன். அதுபோக ஒரு மாத்திரை. என்ன மாத்திரை என்று பார்த்தால், உன் மாமியார் பத்து வருஷமாகச் சாப்பிடுகிற அதே பிபி மாத்திரை. அந்தத் தாழ்ப்பாளில் போய் உட்கார்ந்துகொண்டு வேறு எதையும் அண்டவிடாதாம். இவ்வளவு பெரிய மெஷினுக்குப் பக்கத்தில் உன் மாமியார் மாத்திரையா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததைப் பார்க்கத்தான் யாருமில்லை.

4.6 நேற்று 2.8 ஆகியிருக்கிறது. இன்னும் உயிர் இருக்கிறது உன் கிட்னிக்கு.

ஒன்று கேட்க வேண்டும். விஜயஸ்ரீ என் கோப்பில் புதுப் படிவம் வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரப்பினாள். பிரசவம் எத்தனை? ஒன்று. எத்தனையாவது மாதம்? சொன்னேன். உயிரோடு இருக்கிறதா? இல்லை. பிறகு, "ஆணா பொண்ணாக்கா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று அவள் கேட்கவில்லை, நல்ல பெண். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சாபீஸில் பெயர் வராமல் விட்ட பத்திரிகையைப் பார்ப்பேனே, அப்படி.

அன்றைக்கு நீ இருந்தாய். சொல்ல முடிந்தால் சொல்.

ராணி

---

களக்காடு,
1 டிசம்பர் 2024

ராணி,

ஆறு நாளாக இதை எழுதுகிறேன். இரண்டு தாளை அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன்.

பெண் பிள்ளை.

நிறைய முடி இருந்தது. நகமெல்லாம் முளைத்திருந்தது. மூக்கு நம் அம்மா மூக்கு. நர்ஸ் துணியில் சுற்றி என் கையில்தான் தந்தாள். தளவாய் வந்து பார்க்கவில்லை, வெளியே நின்றான். அம்மா என்னிடம், "நீ பாத்ததை அவட்ட சொல்லாத. பாக்காத பிள்ளையை மறந்திருவா, கேட்டா மறக்கமாட்டா" என்றாள். நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். பார்க்காததை நீ மறந்தாயா என்று எனக்குத் தெரியாது. பார்த்த நான் மறக்கவில்லை.

பச்சையாற்றங்கரையில், பாலத்துக்கு மேற்கே, இரண்டு மருதமரம் சேர்ந்து நிற்கும் இடத்தில் சித்தப்பா குழி எடுத்தார். பெண்கள் அங்கே போகக்கூடாது என்றார்கள். போனேன். கொண்டுபோய் வைத்தது நான்தான்.

உனக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டியதும் நான்தான். அதற்குப் பிறகு நீ தலையில் மல்லிகை வைத்ததே இல்லை. என் மகன் காதுகுத்துக்கு எல்லோரும் வைத்தபோது நீ வேண்டாம் என்றாய், திமிர் என்று ஏசினேன். காரணம் தெரிந்தே ஏசினேன். அந்த வாடை வந்தால் நானும் இன்னும் எழுந்து வெளியே போய்விடுவேன். அதை யாரிடம் சொல்ல? உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். உன்னிடம் மட்டும்தான் சொல்லக்கூடாது என்று இருந்தது.

வருஷா வருஷம் பங்குனியில் அந்த நாளுக்கு ஆற்றில் துணி துவைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கன போவேன். ஒன்றும் செய்யமாட்டேன். கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். துவைக்காத துணியோடு திரும்பி வருகிறாளே என்று அத்தானுக்குச் சந்தேகம்கூட வந்திருக்கும். கேட்டதில்லை.

அவளுக்குப் பெயர் கிடையாது. நான் வைக்கவில்லை. அது உன் உரிமை.

டாக்டர் சொன்னதை நானே படித்துவிட்டு, அத்தானையும் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். ஒரு குறையும் கிடையாது என்ற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னேன். இரண்டு வாரமாக இடதுபக்கத்தைத் தொட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது. இப்போது இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அந்த வார்டிலேயே, எதிர்க்கட்டில் அம்மா இருக்கும்போதே, மாத்திரை விஷயத்தை என் வாயால் திருப்பிச் சொல்கிறேன்.

அக்கா

---

திருநெல்வேலி,
5 டிசம்பர் 2024, வியாழன்

அக்கா,

நேற்று மதியம் உன் கடிதம் வந்தது. கட்டிலின் திரையை இழுத்துவிட்டுப் படித்தேன். அழுதேன். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை ஆரஞ்சுச் சுளையை நீட்டியது. எதற்கு அழுகிறேன் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இங்கே வராதே. நாளையே என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 1.9-ல் நிற்கிறது. பழைய 1.1 இனி வராது, பட்ட அடி பட்டதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஓடும். எத்தனை வருஷம் என்று கேட்கவில்லை. அந்தப் பொருள் என் ரத்தத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கும், அது பாட்டுக்கு இருக்கும், மாமியார் மாத்திரை காவலுக்கு இருக்கும்.

நீ என் அறைக்கு வா. இதுவரை நீ அதைப் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது, உட்கார வருகிறவர்கள் கிடையாது. அச்சாபீஸிலிருந்து இன்னொன்று இரவல் கேட்டிருக்கிறேன். யாரிடமும் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டாம். என்னிடம் மூக்கைப் பற்றி இன்னொரு தடவை சொன்னால் போதும். பங்குனிக்கு நானும் களக்காட்டுக்கு வருகிறேன். துணி மூட்டையை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொள்ளலாம், உனக்கும் கனமாக இருக்காது.

இன்று காலையில் விஜயஸ்ரீ பிபி பார்க்க வந்தாள். கோப்பை எடுத்துவரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். ஒரு இடம் காலியாக இருக்கிறதே என்றேன். அவளுக்கு ஞாபகம் இருந்தது. பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"பொண்ணு" என்று சொன்னேன்.

எழுதிக்கொண்டாள்.

ராணி